நாலு விரக்கடை தணிஞ்ச சீட்டு

விருதுநகர்
18-12-1961

ஜெயக்கொடி அக்காவுக்கு,

நேத்து ஒங்க வீட்டுல சைக்கிள் வாங்கிட்டுப் போனேன்ல, வத்தல் கமிசன் கடை ராஜசிங், அவந்தான் எழுதுறேன். பத்திரமா வந்து சேந்துட்டேன். நானும் பத்திரம், சைக்கிளும் பத்திரம். சைக்கிளத்தான் மொதல்ல எழுதியிருக்கணும்.

புதுப்பட்டியில ஏறுனவன் திருத்தங்கல்லதான் எறங்குனேன். களைச்சுப் போயி இல்லக்கா. கொஞ்சம் தள்ளி நின்னு அத முழுசா பாக்கணும் போல இருந்துச்சு. புளியமரத்துல சாச்சு வச்சிட்டு எதுத்தாப்புல கல்லு மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அங்கன மாடு மேச்சுக்கிட்டிருந்த ஒருத்தரு, "என்னலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?"ன்னு கேட்டாரு. பாத்து முடிவாயிருச்சுய்யான்னு சொன்னேன்.

என்ன வண்டிக்கா அது! ராலி ராலிதான்! மேட்டுல ஒண்ணாங் கியர்ல போட்டா யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. டைனமோவ சாச்சு விட்டா ஒரு முனகல் கேக்கும் பாருங்க, வண்டி தனக்குத்தானே பாடிக்கிட்டு வர்ற மாதிரி. தோல் சீட்டு யோபு அண்ணன் உக்காந்து உக்காந்து நல்லாக் குழிஞ்சு கெடக்கு. கேரியர்ல ரெண்டு பக்கமும் அந்தக் கான்வாஸ் பையி, அதுக்குள்ள இன்னும் கருவாட்டு வாசம் வருது. தூத்துக்குடியில வாங்குனதா இருக்கும்.

ஒரு கொறதான். மூணாங் கியர்ல போட்டு மிதிச்சா படக்குன்னு வழுக்குது. பின்சக்கர அச்சுக்குள்ள போற சின்னக் கியர் செயினு தேஞ்சு போச்சு. மதுரையில கூட அது கெடைக்காதுங்கிறாக.

அப்புறம், சீட்டு ரொம்பத் தணிஞ்சு கெடந்துச்சு. திருத்தங்கல் வரைக்கும் முட்டி ஹேண்டில்ல இடிச்சுக்கிட்டே வந்தேன். அங்க வச்சு நாலு விரக்கடை ஏத்துனேன். ஏத்துனா சீட்டுக் கம்பியில ஆழமா ஒரு வரி இருக்கு, வருசக்கணக்கா ஒரே எடத்துல நின்ன வரி. சரியா அந்த வரியில வச்சு முறுக்குனா எனக்குன்னு செஞ்ச மாதிரி இருக்கு. யோபு அண்ணனும் நானும் ஒரே ஒயரம்க்கா!

ஒங்களுக்குத் தெரியாது. நான் சின்னப் பயலா இருக்கையில தெப்பக்குளத்துப் பக்கம் நிப்பேன். அண்ணன் அந்த வழியா மதுரைக்குப் போவாக. "எங்கண்ணே?"ன்னு கத்துவேன். "ரோடு முடியுற வரைக்கும்லே!"ன்னு சொல்லிட்டு மணிய அடிச்சிக்கிட்டே போவாக. அவுக வண்டிய நான் ஓட்டுறேன். நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது.

ராஜசிங்


எம். புதுப்பட்டி
23-12-1961

தம்பி ராஜசிங்குக்கு,

ஒன் கடுதாசி வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பரீச்சப் பேப்பரு குமிஞ்சு கெடக்கு, சுருக்கமா எழுதுறேன்.

எண்ணெய் அதிகம் விடாத, புழுதி ஒட்டிக்கிரும். மழைக்குக் கரிசக்காட்டுல எறக்காத, மட்கார்டுக்குள்ள மண்ணு அப்பிரும், அப்புறம் நீதான் அதத் தூக்கிச் சொமக்கணும். யாருக்கும் ஓட்டக் குடுக்காத. அவுக குடுக்கமாட்டாக. "பொண்டாட்டிய வேணா எரவல் குடுப்பேன், சைக்கிளக் கேக்காத"ன்னு என்ன வச்சுக்கிட்டே சொல்லுவாக. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சீட்டு தணிஞ்சிருந்துச்சுன்னு எழுதியிருக்க. நீ தப்பாப் பாத்திருப்ப. அவுகளுக்கு அப்புறம் அத யாரும் தொடல. அது வீடு வந்த வெதம் ஒனக்குத் தெரியாதுல்ல, சொல்றேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள்ள இரும்பு போகக்கூடாது. ஊக்கு கூட வெளியதான். சைக்கிளுகள கேட்டுக்குத் தள்ளி வேப்ப மரத்தடியில விட்டுட்டு வெறுங்காலோட உள்ள போவாக. வெடிச்சுப்போச்சுன்னா வீட்டு ஆளுக கேட்டுக்கு ஓடமாட்டாக, மரத்தடிக்குத்தான் ஓடுவாக. தப்பிச்சவுக அவுகவுக சைக்கிள எடுத்துட்டுப் போயிருவாக. எடுக்க ஆளில்லாம எது நிக்குதோ, அதுக்கு ஒடையவுக போயிட்டாகன்னு அர்த்தம். போன வருசம் ஆவணியில விஸ்வநத்தத்துல அவுக வேலை பாத்த மருந்து செட்டு வெடிச்ச அன்னைக்கு நானும் மரத்தடிக்குத்தான் ஓடுனேன். இந்த ராலி ஒண்ணுதான் நின்னுச்சு. செட்டுக்குள்ள இருந்து எடுத்தத ஒரு பெட்டியில வச்சு ஆணியடிச்சுக் குடுத்தாக. தெறந்து பாக்க விடல.

அப்படி நின்ன சைக்கிள யாரும் ஏறி ஓட்டிட்டு வரக்கூடாது. மணியில துணியக் கட்டி, வீடு வரைக்கும் கையால தள்ளிட்டுத்தான் நடந்து வரணும். எங்க கொழுந்தன் அப்படித்தான் கொண்டுவந்தாக. சாக்கப் போட்டு மூடுனேன். நீ வந்து தெறக்கிற வரைக்கும் மூடியேதான் கெடந்துச்சு.

ஏன் வித்தேன்னு ஊர்ல கேக்காக. ஒங்கிட்ட சொல்லிர்றேன். சாத்தூர் வேதமுத்து வாத்தியாரு, அவரும் தாரத்தப் பறிகொடுத்தவரு, என்னக் கேட்டிருக்காரு. தை மாசத்துல எங்க வேதக்கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பிப்பாக. மூணு ஞாயித்துக்கெழம எங்க ரெண்டு பேரு பேரையும் வாசிச்சு, தடை சொல்ல யாரும் இருக்கீகளான்னு கேப்பாக. யாரும் சொல்லலைன்னா லெந்து உபவாச நாளுக்கு முன்னாடி கல்யாணம். அந்தச் சைக்கிளு வீட்டுல நிக்கையில என்னால சரின்னு சொல்ல முடியல.

ஒண்ணே ஒண்ணு செய்யி. அந்த மணியக் கழட்டிட்டு வேற மாட்டு. பொழுது அடையிற நேரம் வேலிக்கிட்ட அது கேக்குது. சைக்கிள் சாக்குக்குள்ள இருக்கையிலயும் கேட்டுச்சு. ஒங்கிட்ட வித்த பெறகும் கேக்குது.

ஜெயக்கொடி


விருதுநகர்
17-1-1962

அக்காவுக்கு,

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா கையில பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பொங்கலுக்குக் கடை லீவு. அண்ணன் கருவாடு வாங்கப் போன தூத்துக்குடி ரோட்டுலயே போகணும்னு ஆசை. விடியக்காலம் கெளம்பி சாத்தூர்ல சேவு வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, கோயில்பட்டி தாண்டி எட்டயபுரம் போயிட்டேன். காத்து முதுகுக்கு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பருத்தி வெடிச்சு வெள்ள வெளேர்னு கெடக்கு. காலு மிதிக்குறதே தெரியல, ரோடுதான் அடியில ஓடுது. இதுக்காகத்தானக்கா மனுசன் சைக்கிள் வாங்குறது!

எட்டயபுரத்துக்கு அங்கிட்டு தூத்துக்குடி ரோட்டுல ஒரு டீக்கடை. வெள்ளைத்தாய்னு ஒரு அம்மா வச்சிருக்காக. நான் நிறுத்துறதுக்கு முன்னாடியே, "ஏ யோபு, இந்நேரத்துக்கு எங்கிட்டு?"ன்னு கொரல் குடுத்தாக. வெளிய வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு, "நீ யாருலே? இது யோபு வண்டியில்ல?"ன்னு கேட்டாக. சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருக்காக. நான் எல்லாத்தையும் சொன்னேன். அண்ணன் போன வருசத்துக்கு முந்துன சீசன்ல இறந்துபோனதச் சொன்னேன்.

அந்தம்மா டீ கிளாசக் கீழ வச்சிட்டாக. "கார்த்திகையில கூட இங்க வந்தானே"ன்னாக. "நடந்து வந்தான். வண்டி எங்கன்னு கேட்டேன். வண்டி செத்துப்போச்சுன்னு சொன்னான். கிறுக்குப்பயன்னு நெனச்சு டீயக் குடுத்தேன். குடிச்சான்."

அக்கா, கோவிக்காதீக. பேய் டீ குடிக்குமா?

திரும்பி வர்ற வழி பூராம் பின்னால யாரோ நடந்து வர்ற மாதிரியே இருந்துச்சு. மணிய நான் மாத்தல. மாத்தலாம்னு ஸ்பேனர எடுத்தேன், கை வரல. அண்ணன் பெருவெரலு தேச்சுத் தேச்சு மணி வெள்ளையாயிருச்சு. அந்த எடத்துல இப்ப என் வெரலு.

சீட்டு விசயம் நான் தப்பாப் பாக்கல. சத்தியமா தணிஞ்சுதான் இருந்துச்சு. பழைய வரி துருவேறிக் கறுத்து நிக்குது. கீழ இன்னொரு தடம் இருக்கு, லேசா, நேத்து முறுக்குன மாதிரி. யாரும் தொடலைன்னா அதத் தணிச்சது யாரு?

ராஜசிங்


எம். புதுப்பட்டி
22-1-1962

ராஜசிங்குக்கு,

ஒன்ன என்னமோ நல்ல பயன்னு நெனச்சேன்.

நான் அந்தப் பெட்டி மேல மண்ணு அள்ளிப் போட்டவ. பேரு வெட்டி கல்லு வச்சிருக்கேன். வாரந்தவறாம அங்க போறேன். எவளோ ஒரு டீக்கடைக்காரி வழியில போறவனப் பாத்துச் சொன்னான்னு எனக்கு எழுதுற. வர்ற ஞாயித்துக்கெழம மொத ஓலை. வேதமுத்து வாத்தியாரு பாவம், ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்காரு. அந்தப் பிள்ள இப்பவே எனக்கு அம்மான்னு எழுதிக் குடுத்துவிடுது. செத்தவுகள வச்சு வெளையாடாத. இனிமே எனக்கு எழுத வேண்டாம்.

ஜெயக்கொடி

எம்புட்டுத் தணிஞ்சு இருந்துச்சு? அத மட்டும் சரியா அளந்து எழுது.


விருதுநகர்
30-1-1962

அக்காவுக்கு,

அந்தக் கீழ்த் தடத்துல சீட்ட எறக்கி வச்சு நம்ம கடையில ஒவ்வொருத்தரா ஏத்தி உக்கார வச்சேன். எல்லாருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சாடான்னு மொதலாளி கேட்டாரு. எடைத் தராசு பிடிக்கிற மொக்கைச்சாமிக்குத்தான் சரியா இருந்துச்சு. கால் வாகா எட்டி மிதிச்சான். அவன் என் தோளுக்குக் கீழதான் இருப்பான். அவ்வளவு கட்டையான ஆளுதான் கடைசியா இத ஓட்டியிருக்கணும்.

தள்ளிட்டு வந்தவுக சீட்டத் தணிக்க வேண்டியதில்லையேக்கா. ஏறுறவுகதான தணிப்பாக. அப்படின்னா மரத்தடிக்கு வர்றதுக்கு முன்னாடியே தணிஞ்சிருக்கு. அண்ணன் ஒயரத்துக்கு அம்புட்டுத் தணிச்சு விஸ்வநத்தம் வரைக்கும் மிதிக்க முடியாது. நான் மிதிச்சுப் பாத்துட்டேன். முட்டி ரெண்டும் கன்னிப்போச்சு.

இதுக்கு மேல நான் நெனக்கல. நெனச்சத எழுதவும் மாட்டேன். நீங்க அளவு கேட்டீக, அளவச் சொல்லிட்டேன்.

ராஜசிங்


எம். புதுப்பட்டி
5-2-1962

தம்பி,

நேத்து ரெண்டாவது ஓலையும் வாசிச்சாச்சு. போதகர் ஐயா "தடை உண்டா?"ன்னு கேட்டுட்டு ஒரு நிமிசம் அமைதியா இருந்தாக. அந்த அமைதியில எனக்கு மணிச் சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல ஆரோக்கியம் நர்சம்மா, "என்ன ஜெயா, இப்படி வேத்துக் கொட்டுது?"ன்னு முந்தானையால தொடச்சு விட்டாக.

கட்டையான ஆளு ஒருத்தன் இருந்தான். நாரணாபுரம் சங்கையா. பஞ்சம்மா மகன். அவுக கூட மருந்து செலுத்துற செட்டுல அப்பப்ப வேலைக்கு வருவான். எங்க வீட்டுக்கு வந்தா மனுசங்ககிட்டப் பேசமாட்டான், நேரா சைக்கிள்கிட்டப் போயிருவான். "அண்ணே, ஒரே ஒரு தரம். நாரணாபுரம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்"னு கெஞ்சுவான். அவுக மாட்டேன்னுருவாக. "ஒனக்குக் காலே எட்டாதுலே, மொதல்ல வளந்துட்டு வா"ம்பாக. கல்யாணம் கட்டுற வயசுப் பய, சிரிச்சுக்கிட்டே போவான்.

அந்த விபத்து நடந்த வாரத்துலதான் சங்கையா அவுக அம்மாகூடச் சண்டை போட்டுக்கிட்டு பம்பாய்க்கு ஓடிப்போயிட்டான்னு பேச்சு. எனக்கு இருந்த இருப்புல அது காதுல விழுந்துச்சு, மனசுல விழல. இப்ப விழுது.

இத நான் யாருகிட்டயும் கேக்க முடியாது. பஞ்சம்மாகிட்டப் போயி என்னத்தக் கேக்க? வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. அதுக்கப்புறம் நான் வாய் தெறந்தா ஒரு நல்ல மனுசன் வாழ்க்கையும் சேந்து நாசமாப் போகும்.

எழுத வேண்டாம்னு சொன்ன வாயாலயே கேக்கேன். அந்த எட்டயபுரத்து ரோட்டுக்கு இன்னொரு தரம் போ. இருந்தா இருக்காகன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கெழமைக்குள்ள.

ஜெயக்கொடி


விருதுநகர்
9-2-1962

அக்காவுக்கு,

தபால்ல போட்டா நேரத்துக்கு வராதுன்னு நம்ம ஊரு கண்டக்டர்கிட்டக் குடுத்து விடுறேன். தனியா உக்காந்து படிங்க.

கடையில வயித்துவலின்னு சொல்லிட்டு நேத்து கருக்கல்லயே கெளம்பிட்டேன். ரோடெல்லாம் எலெக்சன் ஜீப்பு, நோட்டீசு பறக்குது. வெள்ளைத்தாயி கடையில விசாரிச்சேன். உப்பளத்துல சொமை தூக்குறவுக கூடச் சேந்து வேலை பாக்கறதா கேள்விப்பட்டேன்னாக. நான் தூத்துக்குடிப் பக்கம் மிதிச்சேன்.

வெயில் சாயுற நேரம். முன்னால ஒரு ஆளு தனியா நடந்து போயிக்கிட்டிருந்தாரு. நெட்டையா, செருப்பில்லாம. மணி அடிக்க எனக்குத் தைரியம் வரல. வேகமாத் தாண்டிப் போயித் திரும்பிப் பாத்துருவோம்னு மூணாங் கியர்ல போட்டு மிதிச்சேன். படக்குன்னு வழுக்குச்சு. அந்தச் சத்தத்துக்கு அவரு நின்னுட்டாரு. திரும்பல. திரும்பாமயே, "ரெண்டுலயே போ. மூணு பிடிக்காது"ன்னாரு.

கீழ நெழல் விழுதான்னு பாத்தேன். விழுந்துச்சு. என் நெழலு, சைக்கிள் நெழலு, அவரு நெழலு.

"நீங்க யோபு அண்ணனா?"

"யோபு செத்துட்டான்லே. புதுப்பட்டியில கல்லு வச்சிருக்காகளாம்."

சொல்லிட்டு மெதுவாத் திரும்பி வந்தாரு. என்னப் பாக்கல, சைக்கிளத்தான் பாத்தாரு. குனிஞ்சு ஒவ்வொரு கம்பியா வெரலால தட்டிப் பாத்தாரு. "பின்னால ரெண்டு கம்பி லூசா கெடக்கு. என்னத்தப் பாத்துக்கிற நீ?"ன்னு வஞ்சாரு. அப்புறம் சீட்டுல கை வச்சாரு. கை அப்படியே நின்னுபோச்சு.

"இத ஏத்துனது யாரு?"

"நாந்தாண்ணே."

"தணிச்சது நான்"னாரு.

ரோட்டோரத்துல உக்காந்துட்டாக அக்கா. நானும் உக்காந்தேன். அவுக சொன்னத அப்படியே எழுதுறேன்.

"சீசன்ல லீவு கெடையாது. அன்னைக்கு அந்தச் செட்டுல எனக்கு மட்டுந்தான் வேலை, பதில் ஆளு விட்டா கேட்டுல மூஞ்சியப் பாக்கமாட்டாக. என் பேரக் கூப்பிட்டா அவன் 'இருக்கேன்'னு சொல்லணும், அம்புட்டுதான். சங்கையாகிட்டக் கேட்டேன். சைக்கிளக் குடுத்தாப் போறேன்னான். விஸ்வநத்தம் விலக்குல வச்சு அவனுக்குச் சீட்டத் தணிச்சுவிட்டேன். பய மணிய அடிச்சிக்கிட்டே போனான்லே. கண்ணு மறையுற வரைக்கும் அடிச்சான். காதுக்கு மறையுற வரைக்கும் அடிச்சான்."

"நீங்க எங்க போனீக?"

மடியில இருந்து ஒரு பொட்டலத்த எடுத்தாக. எண்ணெய்த்தாளு. உள்ள கியர் செயினு. புத்தம் புதுசு.

"இதுக்குத்தான். திருநெல்வேலியில ஒரு கடைக்குக் கப்பல்ல வந்திருக்குன்னாக. கிறிஸ்மஸுக்கு ஜெயாவக் கேரியர்ல வச்சு கன்னியாகுமரி கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். மூணாங் கியரு இல்லாம அம்புட்டுத் தூரம் எப்படி மிதிக்க?"

திரும்பி வரும்போது சாத்தூர்ல பஸ்ஸு மாறி உக்காந்திருக்காக. முன் சீட்டுல ரெண்டு பேரு, "புதுப்பட்டி யோபு போயிட்டானாம், மரத்தடியில சைக்கிள் நிக்குதாம்"னு பேசுறாக. இவுக பின்னால உக்காந்து கேக்காக.

"எந்திரிச்சு, நான் இருக்கேன், போனது சங்கையான்னு சொல்லணும். வாய் வரல. பஞ்சம்மா மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. பஸ்ஸு நின்ன எடத்துல எறங்குனேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போவோம்னு நெனச்சேன். அப்புறம் நாளைக்குப் போவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள பெட்டிய எறக்கிட்டாக. எறக்குன பெறகு எப்படிலே எந்திரிச்சு வர்றது?"

நான் ஓலை விசயத்தச் சொன்னேன். "நல்ல ஆளா?"ன்னு மட்டும் கேட்டாக. நல்லவருன்னுதான் அக்கா எழுதியிருக்காகன்னேன். "அப்ப வாசிக்கட்டும். நீ என்னப் பாக்கல"ன்னாக.

அப்புறம் அந்தச் செயின அவுகளே மாட்டுனாக. என்ன வெரல்க்கா அது! உப்புல வெடிச்சுக் கெடக்கு, ஆனா ஒருதரம் கூடத் தடுமாறல. "நீங்க ஓட்டுங்கண்ணே, நான் கேரியர்ல உக்காந்துக்கிறேன்"னு கெஞ்சிப் பாத்தேன். "நான் இனிமே இதுல ஏறமாட்டேன்"னுட்டாக. நான் கெளம்பையில, "தெப்பக்குளத்துல நின்னு கத்துற பயதான நீ?"ன்னாக. எனக்கு அழுகை வந்துருச்சு.

பாக்கலைன்னு சொல்லச் சொன்னாக. நான் பாத்தேன்னு எழுதிட்டேன். நீங்க கேட்டீக.

மூணாங் கியரு இப்ப வெண்ணெய் மாதிரி விழுது. ராவும் பகலும் அத நெனச்சு ஏங்குனவன் நான். எட்டயபுரத்துல இருந்து வீடு வரைக்கும் ஒருதரம் கூடப் போடல.

ராஜசிங்


எம். புதுப்பட்டி
12-2-1962

தம்பி ராஜசிங்குக்கு,

கண்டக்டரு சனிக்கெழமையே குடுத்துட்டாரு.

நேத்து கோயில்ல மூணாவது ஓலை. "தடை சொல்ல யாரும் உண்டா?"ன்னு போதகர் ஐயா கேட்டாக. நான் எந்திரிச்சேன். என்னமோ தண்ணி குடிக்கப் போறேன்னு நெனச்சு ஆரோக்கியம் நர்சம்மா வழி விட்டாக. "ஐயா, தடை உண்டு"ன்னேன். "என் புருசன் உசுரோட இருக்காக. நம்ம கல்லறைத் தோட்டத்துல அவுக பேர்ல கெடக்குறது நாரணாபுரம் பஞ்சம்மா மகன் சங்கையா."

ஓலையில பேரு வந்த பொண்ணே எந்திரிச்சுத் தடை சொல்றத யாரும் பாத்ததில்ல. ஒரு பிள்ள கூட அழல. வேதமுத்து வாத்தியாருதான் மொதல்ல வெளிய வந்தாரு. போயிருவாருன்னு நெனச்சேன். குடையோட வாசல்ல நின்னாரு. "நாரணாபுரத்துக்கு இப்பவே போகணும்ல, வாங்க"ன்னாரு.

பஞ்சம்மா வாசல்ல கம்பு காயப் போட்டுக்கிட்டிருந்தா. கொடியில அவன் சட்ட தொங்குது. தொவைச்சுத் தொவைச்சு வெளுத்துப் போச்சு. நான் எதுவும் மறைக்காமச் சொன்னேன். அவ கம்பத் துழாவுறத நிறுத்தல.

"பம்பாயில இருக்கான்னு தெனமும் அவன வஞ்சுக்கிட்டாவது இருந்தேன். இனிமே யாரத் தாயி வைவேன்?"ன்னா.

நான் இத்தன நாளு அவ மகனுக்குப் பூப்போட்டிருக்கேன். எனக்குப் பேரு மட்டும் தெரியல.

கெளம்பையில அவ கேட்டா: "அவன் அன்னைக்குச் சைக்கிள்லயா போனான்? அந்தச் சைக்கிள எவன் என் வீட்டுக்குத் தள்ளிட்டு வந்தான்?"

யாரும் வரலையே தம்பி. அது எங்க வீட்டுக்கு வந்துச்சு, அவ வீட்டுக்குப் போக வேண்டியது.

வர்ற ஞாயித்துக்கெழம காலையில அந்தக் கம்பெனி வேப்ப மரத்தடிக்கு வண்டியக் கொண்டு வா. சீட்ட அந்தக் கீழ்த் தடத்துக்கு எறக்கிரு. மணியில துணியக் கட்டு. அங்க இருந்து நாரணாபுரம் வரைக்கும் தள்ளிட்டு வரணும். நான் பஞ்சம்மா வீட்டுல இருப்பேன்.

வெள்ளைத்தாயி கடைக்கு ஒரு கார்டு போட்டு நாளு மட்டும் சொல்லி வை. வருவாகளான்னு நான் கேக்கல.

ஜெயக்கொடி


விருதுநகர்
20-2-1962

அக்காவுக்கு,

நீங்க பஞ்சம்மா வீட்டு வாசல்ல நின்னீக, அதனால வழியில நடந்தது ஒங்களுக்குத் தெரியாது. அதான் எழுதுறேன்.

நான் போகையில மரத்தடியில யாரும் இல்ல. ஞாயித்துக்கெழம, கம்பெனி பூட்டிக் கெடக்கு. வண்டிய மரத்துல சாச்சேன். ஸ்பேனர எடுத்தேன், நட்டு எறங்கமாட்டேங்குது. நாந்தான் முறுக்கி வச்சவன், எனக்கே எறங்கல. சரி, எதுத்த கெணத்துல தண்ணி குடிச்சிட்டு வருவோம்னு போனேன்.

திரும்பி வந்தா மரத்தடியில வண்டி இல்ல.

ஓடுனேன் பாருங்க. ரோட்டுக்கு வந்தா, கொஞ்ச தூரத்துல அண்ணன் தள்ளிட்டுப் போயிக்கிட்டிருக்காக. சீட்டு தணிஞ்சிருக்கு. மணியில அவுக துண்டக் கிழிச்சுக் கட்டியிருக்காக. எப்ப வந்தாக, எப்பத் தணிச்சாக, ஒண்ணும் தெரியல. ரா பூராம் நடந்திருக்கணும். காலெல்லாம் புழுதி.

பின்னால ஓடிப் போயி, எனக்கு வேற எதுவும் கேக்கத் தெரியல, "எங்கண்ணே?"ன்னேன்.

"பஞ்சம்மா வீடு வரைக்கும்லே"ன்னாக.

ரோட்டுல கல்லுல ஏறி எறங்கையில துணிக்குள்ள மணி டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டே வந்துச்சு. வாயப் பொத்தி வச்ச பிள்ள பேச முண்டுற மாதிரி. வழியில சைக்கிள்ல வந்தவுக எல்லாரும் எறங்கி ஓரமா நின்னாக. அவுகளுக்கு அந்தத் துணியப் பாத்தாத் தெரியும்ல. அதுல ஒருத்தரு அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு சைக்கிளக் கீழ போட்டுட்டு ஓடிட்டாரு.

பஞ்சம்மா அண்ணன அடிச்சத நீங்க பாத்தீக. அண்ணன் கையத் தடுக்காம நின்னதையும் பாத்தீக. நீங்க தண்ணி எடுக்க உள்ள போனப்ப நடந்தது நீங்க பாக்கல. அந்தம்மா அடிச்சு ஓஞ்சு, வண்டிகிட்ட வந்தாக. சீட்டு மேல உள்ளங்கைய வச்சாக. அப்படியே அவுக இடுப்போட அளந்து பாத்தாக. "ஆமா, எம்மவன் இம்புட்டுதான் இருப்பான்"னாக.

அப்புறம் துணிய அவுத்தாக. "மணிய அடிச்சிக்கிட்டே போனான்னு சொன்னியாமே, எங்க, அடி"ன்னாக. அண்ணன் வெரல மணிகிட்டக் கொண்டுபோயிட்டு எடுத்துட்டாக. அந்தம்மாவே அவுக கைய எடுத்து மணி மேல வச்சு அழுத்துனாக.

நீங்க வெளிய ஓடி வந்தது அந்தச் சத்தத்துக்குத்தான்.

ராஜசிங்


எம். புதுப்பட்டி
11-3-1962

தம்பி,

கல்ல மாத்தியாச்சு. பஞ்சம்மா வந்து அவுக வழக்கப்படி பால் ஊத்திட்டுப் போனா. கல்லறைத் தோட்டத்துல பால் ஊத்தலாமான்னு ரெண்டு பேரு மொணங்குனாக. போதகர் ஐயா திரும்பி ஒரு பார்வ பாத்தாக, அடங்கிருச்சு. போலீசு, விசாரணை எல்லாம் ஒரு பக்கம் நடக்குது.

அவுக நாரணாபுரத்துலதான் இருக்காக. பஞ்சம்மாளுக்குத் தண்ணி எறைச்சுக் குடுத்து, வெறகு வெட்டிக் குடுத்து, மாட்டுக் கொட்டத்துல படுத்துக்கிறாக. அவ தெனமும் வையிறாளாம். அவளுக்கு வைய ஒரு ஆளு கெடைச்சிருச்சு. இங்க இன்னும் வரல. நானும் கூப்பிடல. கூப்பிடுவனான்னு கேக்காத, எனக்கே தெரியாது.

பொழுது அடையிற நேரம் வேலிக்கிட்ட மணி இன்னும் கேக்குது. நின்னுரும்னு நெனச்சேன், நிக்கல. ஆனா இப்ப நான் கதவச் சாத்துறதில்ல. ஒரே ஒரு தரம்னு கேட்ட பய, ஓட்டிட்டுப் போகட்டும்.

சைக்கிள் எப்படி இருக்கு? பஞ்சம்மா ஒங்கிட்டயே குடுத்துவிட்டான்னு கேள்விப்பட்டேன். சீட்ட ஏத்திட்டியா?

ஜெயக்கொடி


விருதுநகர்
15-3-1962

அக்காவுக்கு,

ஏத்தல.

முட்டி ஹேண்டில்ல இடிக்குது. தவக்கள மாதிரி ஓட்டுறியேலேன்னு தெப்பக்குளத்துப் பயலுக சிரிக்கானுக. மொக்கைச்சாமி தெனமும், "எனக்குத்தான் அளவா இருக்கு, குடுத்துரு"ன்னு கேக்கான்.

நேத்து மூணாங் கியர்ல போட்டு நாரணாபுரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒரே ஒரு தரம் நாரணாபுரம் போயிட்டு வந்துர்றேன்னுதான சங்கையா கேட்டான், அது பாக்கி நிக்கக்கூடாதுல்ல. போற வழி பூராம் மணிய நான் தொடல. அடிச்சுச்சு.

ராஜசிங்